ஒயிட்னர் பூசிய படிவமும் ரத்தான தேர்தலும்

கேள்வி: மலாவி நாட்டில் படிவங்களில் ஒயிட்னர் பூசியதற்காக ஜனாதிபதி தேர்தலையே நீதிமன்றம் ரத்து செய்ததாமே! எத்தனை வாக்கு மாறியது என்று நிரூபிக்க வேண்டாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஒயிட்னர் மட்டுமே காரணமில்லை, ஆனால் பளிச்சென்று தெரிந்த தடயம் அதுதான். 2019 மே 21 தேர்தலில் அப்போதைய ஜனாதிபதி பீட்டர் முத்தாரிக்கா 38.57 சதவீதமும் எதிர்க்கட்சித் தலைவர் லாசரஸ் சக்வேரா 35.41 சதவீதமும் பெற்றதாக அறிவித்தார்கள். அங்கே வாக்குச்சாவடியிலேயே எண்ணி, முடிவுப் படிவத்தை நிரப்பி மேலே அனுப்புவார்கள். எண் தப்பினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பமிட்டால் பழைய எண்ணும் தெரியும். ஒயிட்னர் பூசிவிட்டால் முதலில் இருந்தது 73-ஆ, 173-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. கையெழுத்தில்லாத படிவங்கள், அசலுக்குப் பதிலாக வந்த மாற்றுப் படிவங்கள் என்று இன்னும் பலவும் விசாரணையில் வெளிவந்தன. முறைகேடு இவ்வளவு பரவலாக இருக்கும்போது வாக்குக் கணக்கை எண்ணிக் காட்டத் தேவையில்லை என்று ஐந்து நீதிபதிகள் 2020 பிப்ரவரி 3-ல் தீர்ப்பளித்தார்கள். சரியான தீர்ப்பு. கணக்கு இருந்த தாளையே அழித்துவிட்டு, தோற்றவரிடம் கணக்குக் கேட்பது அநியாயம்.

கேள்வி: கென்யாவிலும் 2017-ல் தேர்தல் ரத்தானதே, அங்கே ஏன் ஆட்சி மாறவில்லை? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தீர்ப்புக்குப் பிறகு யார் தேர்தல் நடத்துகிறார்கள் என்பதைப் பாருங்கள். கென்ய அரசியல் சட்டப்படி 60 நாளில் மறுதேர்தல். அதே தேர்தல் ஆணையமே நடத்தியது. சீர்திருத்தம் கேட்ட எதிர்க்கட்சி வேட்பாளர் ரைலா ஒடிங்கா விலகிக்கொள்ள, பதவியில் இருந்த ஜனாதிபதி உஹுரு கென்யாட்டா 98 சதவீதம் வாங்கினார். மலாவியில் 150 நாள் அவகாசம். பாதிக்கு மேல் வாக்கு பெற்றால்தான் வெற்றி என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆணையத் தலைவர் ராஜினாமா செய்து புது ஆணையம் வந்தது. வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது, தலைமை நீதிபதியை ஓய்வுக்கு முந்தைய விடுப்பில் போகச் சொன்னது அரசு. வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கினார்கள். உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஜூன் 23-ல் சக்வேரா 58 சதவீதத்துக்கு மேல் பெற்று ஜெயித்தார். 2025 செப்டம்பரில் முத்தாரிக்கா வாக்குகளாலேயே திரும்பி வந்தார். சக்வேரா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கேள்வி: இந்தத் தில்லுமுல்லைத் தடுக்க எளிய வழி? (வாசகர், சேலம்)

பதில்: கென்யா 2022-ல் செய்ததுதான். 46,000-க்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் மூலப் படிவங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். யாரும் கூட்டிப் பார்க்கலாம். அதற்கும் முன்னால், பூத் ஏஜென்ட் கையில் கையெழுத்திட்ட ஒரு நகல் இருந்தாக வேண்டும். அது இல்லாமல், ஏற்றிய படம் அசல்தானா என்று எதோடு ஒப்பிடுவது?