மாதம் 15,000 ரூபாய் சம்பளம், குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை: காப்பீட்டு அட்டை ஏன் கிடைக்கவில்லை?

வருமான வரம்புதான் காரணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 10,000. இந்த வரம்பு வருமானத்தைப் பார்த்துப் போட்டது. சிகிச்சைச் செலவு அதன் கணக்கில் வராது. ஏற்காட்டுக்குக் கடைசி பஸ் போல: ஒரு நிமிடம் பிந்தினாலும் ஒரு மணி நேரம் பிந்தினாலும் போனது போனதுதான். நடுத்தரக் குடும்பம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வரம்புக்குள் இருப்பவர்களும் சறுக்குவதுண்டு. ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் ஏறியிருக்காது. முதலில் அதைச் சேர்த்துவிடுங்கள். பிறகு வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையம். திட்டத்தில் உள்ள மருத்துவமனை, சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். பில்லைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் பணம் வராது.

வரம்பைத் தாண்டியவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை விசாரியுங்கள். பிறவி இதயக் கோளாறு, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம் எல்லாம் அங்கே பார்ப்பார்கள். அங்கன்வாடிக்கோ அரசுப் பள்ளிக்கோ வரும் மருத்துவக் குழுவே எழுதி அனுப்பும்.

அட்டை இல்லாவிட்டால் சேலம் ஜி.ஹெச்சில் சேர்க்க மாட்டார்கள் என்பது தவறு. வரம்பு காப்பீட்டுக்குத்தான், வார்டுக்கு அல்ல.