பழைய ப்ரொப்பெல்லர் பயணிகள் விமான மாடல்கள் சேகரிக்க ஆசை. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, இடம் குறைவு. எந்த அளவில், எந்த விமானத்தில் தொடங்கலாம்?

முதலில் அளவை முடிவு செய்யுங்கள், விமானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1:72 அளவில் (அதாவது அசலில் 72-ல் ஒரு பங்கு) சூப்பர் கான்ஸ்டலேஷன் என்ற பழைய பயணிகள் விமானம் ஒன்றைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டால், இறக்கையே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 50 செ.மீ.க்கு மேல் வரும், அதை எங்கே வைப்பது என்று வீட்டில் தினம் பஞ்சாயத்துதான். அதே விமானம் 1:200-ல் சுமார் 19 செ.மீ., 1:400-ல் ஒன்பதரைகூட வராது. ஜெட் சேகரிப்பவர்கள் 1:400-ஐக் கொண்டாடுவார்கள். ஆனால் ப்ரொப்பெல்லர் விமானத்துக்கு அழகே அந்த விசிறிகள்தான், அவ்வளவு சின்ன அளவில் அவை தடித்துப்போய்த் தெரியும். என் ஓட்டு 1:200-க்கு.

எந்த விமானம்? சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊர் பேர் தெரியாத நிறுவனத்தின் வண்ணத்தில் ஏன் வாங்க வேண்டும், இங்கே வந்து இறங்கியவற்றையே தேடுங்கள். 1937-ல் திறந்த காலாங் விமான நிலையம், 1955-ல் வந்த பாய லேபார், இரண்டுமே ப்ரொப்பெல்லர் காலத்துப் பிள்ளைகள். மலாயன் ஏர்வேஸ் ஓட்டிய டிசி-3 நல்ல தொடக்கம், 1:200-ல் 15 செ.மீ.க்குள் அடங்கிவிடும். அடுத்து சூப்பர் கான்ஸ்டலேஷன். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்துச் சிட்னி–லண்டன் விமானம் சிங்கப்பூர் வழியாகத்தான் போகும், ஏர் இந்தியாவும் 1954-ல் இதே ரகத்தை வாங்கி சிங்கப்பூர்ச் சேவையைத் தொடங்கியது. (ரஜூலா கப்பலில் வந்த நம் தாத்தாக்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சீட்டு எட்டாக்கனி, அது வேறு கதை.)

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். தயாரிப்பாளர்கள் ஒரே அச்சில் வார்த்துப் பல நிறுவனங்களின் வண்ணத்தை அடித்து விற்பார்கள், அதனால் வண்ணம் சரியாக இருந்தும் உடல் தப்பாக இருக்கலாம். கான்ஸ்டலேஷனில் கண்டுபிடிப்பது சுலபம்: பழைய எல்-749-க்கு வட்ட ஜன்னல், சூப்பருக்குச் சதுர ஜன்னல், உடலும் ஐந்தரை மீட்டர் நீளம் கூடியது. இறக்கை முனையில் எரிபொருள் தொட்டி, ரேடார் வைத்த நீண்ட மூக்கு இதெல்லாம் பின்னால் வந்தவை, எல்லா விமானத்திலும் இருக்காது. அந்த நிறுவனத்தின் பழைய புகைப்படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

நம் ஊர் ஈரம் இருக்கிறதே, அதுதான் பெரிய எதிரி. கேமரா வைக்கும் டிரை கேபினட் (ஈரத்தைக் குறைக்கும் அலமாரி) ஒன்று இருந்தால் நல்லது, இல்லையென்றால் மூடிய கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் போட்டு அடிக்கடி மாற்றுங்கள். வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம், வெள்ளை பெயிண்ட் மஞ்சளாகிவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி நிறுவனப் பொம்மைகள் போன்ற பழைய உலோக வார்ப்புகளை வாங்குவதானால் வெடிப்பு, உப்பல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்திருந்தால் ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே அரித்து உதிரும், அதற்கு மருந்து கிடையாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஜிஎஸ்டியையும் கணக்கில் வையுங்கள், 2023 முதல் 400 வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கும் பெரிய இணையத்தளங்கள் வாங்கும்போதே வரியைப் பிடித்துவிடுகின்றன. அப்புறம், பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்கு கேரௌசல் என்ற பழைய பொருள் விற்கும் தளத்தில் விற்கப் போட்டால் வருகிற முதல் கேள்வி "பெட்டி இருக்கா?" என்பதுதான்.