மடியில் கனம்

கேள்வி: உங்கள் இதழில் அந்த நிருபர் வாராவாரம் போன் ஒட்டுக்கேட்பு, முகம் பார்க்கும் கேமரா, ரவுடிப் பட்டியல் என்று அரசின் கண்காணிப்பைப் பற்றியே எழுதுகிறார். மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம்? அரசு மக்களைக் கண்காணித்தால் குற்றம், இவர் அமைச்சரையும் அதிகாரியையும் கண்காணித்தால் மட்டும் சமூக நீதியா?
(பெயர் வேண்டாம், காட்பாடி)

பதில்: மடியில் கனம் வைத்திருப்பவர் திருடர் இல்லை, ஐயா. இந்தப் பழமொழியை நாம் நெடுநாளாகத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நிருபரைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் மடி.

செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் ஒரு விவசாயி ஒரு ஜோடி மாட்டை விற்கிறார். தரகு போக மிஞ்சிய பணத்தை வேட்டி மடியில் வைத்து இறுக்கிச் சொருகிக்கொள்கிறார். ஊர் அணைக்கட்டுப் பக்கம். பொழுது சாய்ந்துவிட்டது. மடியில் கனம் இருக்கிறது, வழியில் பயமும் இருக்கிறது. யாரைப் பார்த்துப் பயம்? புளியமரத்துக்குப் பின்னால் நிற்கிற வழிப்பறிக்காரனைப் பார்த்து. பழமொழியில் தப்பு செய்கிறவன் வழியில் நிற்கிறவன்தான். மடிக்காரர் தன் காசைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற மனிதர். கனமில்லாமல் நடக்கிறவர் யோக்கியர் என்று அந்தப் பழமொழி எங்கும் சொல்லவில்லை. அவரிடம் பறித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இதை அரசுக்காகப் பேசுகிறவர் சொன்னால், வழிமறிக்கிறவன் இடத்தில் அரசைக் கொண்டுபோய் நிறுத்துகிறார் என்றுதான் பொருள் வரும். அப்படி ஒரு பொருளில் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

சரி, நம் ஊரில் யார் மடியில் கனமில்லை? சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் ஒரு காலை நடந்து பாருங்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் கையில் ஃபைலோடு போய்க்கொண்டிருப்பார்கள். ஒரு ஃபைலுக்குள் புற்றுநோய். ஒன்றில் பிள்ளையில்லாத வருத்தம். இன்னொன்றில், ஊரில் கல்யாணப் பேச்சு நடக்கிற பெண்ணின் வலிப்பு நோய். தங்குகிற லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அது எந்த அலமாரிக்குப் போகிறது, எத்தனை வருஷம் கிடக்கிறது, யார் எடுத்துப் பார்க்கலாம் என்பது கொடுத்தவருக்குத் தெரியாது. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு பெண், சங்கத்தில் சேரலாமா என்று கூட வேலை செய்கிறவளிடம் போனில் கேட்கிறாள். குடியாத்தத்தில் வேறு சாதிப் பையனை விரும்புகிற ஒருத்தி, தான் எங்கே இருக்கிறோம் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று தூங்காமல் கிடக்கிறாள். இவர்கள் யாரும் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் எல்லார் மடியிலும் கனம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது இந்த மடிகளுக்காகத்தான்.

அரசு எல்லாரையும் ஒரே மாதிரி வழிமறிப்பதும் இல்லை. நிருபரின் எழுத்தில் சமூக நீதி வந்து சேர்கிற இடம் அது. பையன்கள் விளையாட்டில் ஒருவனை ஒருவன் ‘கேடி’ என்று திட்டிக்கொள்வார்கள். ‘கேடு’ என்பதிலிருந்து வந்த சொல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது போலீஸ் பதிவேட்டில் பிறந்த சொல். ‘நோன் டிப்ரடேட்டர்’, அதாவது தெரிந்த கொள்ளைக்காரர் என்பதற்கு ஆங்கிலத்தில் வருகிற முதல் எழுத்துகள் கே, டி. ஆளுக்கு ஒரு ஏடு. ஏடு திறந்துவிட்டால் ராத்திரி கதவைத் தட்டலாம். அதற்கும் முன்னால், ஆளே வேண்டாம், சாதி போதும் என்றிருந்தது. 1871-ல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் மாற்றி எழுதப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், குறவர் என்று எத்தனையோ பேரைப் பிறப்பிலேயே சந்தேகத்துக்குரியவர்கள் ஆக்கியது. கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றதற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொன்றார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்தானது. இன்றைக்கும் ஒரு கடையில் பூட்டு உடைந்தால் ஜீப் முதலில் போய் நிற்பது குறவர் குடியிருப்பில்தான். இப்போது ரேகைக்குப் பதில் முகம். 2021-லிருந்து தமிழகக் காவல்துறையிடம் முக அடையாள மென்பொருள் இருக்கிறது. தெருவில் நிற்கிறவரைப் போனில் படம் எடுத்துப் பதிவுகளோடு ஒப்பிடலாம். 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே வெளியாட்கள் புகுந்துவிட்டார்கள். பாதுகாப்புக்காகச் சேர்த்து வைத்ததையே பாதுகாக்க முடியாதபோது, யாரைக் கேட்டு இத்தனை முகங்களைச் சேர்த்தீர்கள் என்று ஒரு நிருபர் கேட்கத்தான் வேண்டும்.

பதிவேடு என்றதும் மாவுக்கட்டு நினைவுக்கு வருகிறது. இந்தப் பக்கத்தில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். கைதான ஒருவர் ‘கழிப்பறையில் வழுக்கி விழுந்து’ கை முறிந்தது என்று குறிப்பு வருகிறது. மாவுக்கட்டோடு படமும் வருகிறது. இரண்டையும் அப்படியே போட்டு, மேலே ‘பிரபல ரவுடி’ என்று தலைப்பு கொடுக்கும் பத்திரிகைகள் நம் மாவட்டத்திலேயே விற்கின்றன. ஒரு மனிதனின் கை அரசின் காவலில் முறிந்திருக்கிறது. எப்படி என்று கேட்காமல் அச்சடிப்பது செய்தி ஆகாது. இதைச் சொன்னதற்காக என்னோடு பேச்சை நிறுத்திய பழைய நண்பர்கள் உண்டு. நாளை அவர்கள் பேசவந்தாலும் இதையேதான் சொல்வேன்.

ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முன்னால், பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் தோல் கழிவு பற்றிக் கூட்டம். நான் அப்போது சின்ன நிருபர். கடைசி வரிசையில் போலீஸ் தனிப்பிரிவு ஏட்டு ஒருவர் மடியில் நோட்டு வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், டீ வாங்கிக் கொடுத்தார். எத்தனை பேர் வந்தார்கள், பேசியவர்கள் பெயர் என்ன, எந்த ஊர், எந்தக் கட்சி, வெளியே நிற்கிற வண்டிகளின் நம்பர் என்ன, எல்லாம் எழுதினார். ஒரு பெண் எழுந்து, தன் கிணற்றுத் தண்ணீரில் சோறு வடித்தால் நிறம் மாறுகிறது, மாடு வாய் வைக்க மாட்டேன் என்கிறது என்று சொன்னாள். அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். கிணற்றைப் பற்றி எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அதெல்லாம் மேலே கேட்க மாட்டாங்க தம்பி” என்றார். யார் பேசினார்கள் என்பது வேண்டும், என்ன பேசினார்கள் என்பது வேண்டாம். அரசின் கண்காணிப்பு என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த நோட்டுதான்.

வேலூர்க்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. 1806-ல் கோட்டைக்குள் நடந்ததை நினைத்துப் பாருங்கள். புதுத் தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு. எதிர்த்த சிப்பாய்களுக்குக் கசையடி. முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கலகம் வரப்போகிறது என்று கர்னல் ஃபோர்ப்ஸிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னார். அதை விசாரிக்க இந்திய அதிகாரிகளைக் கேட்டார்கள். அவர்கள் இந்த ஆளுக்குப் பைத்தியம் என்றார்கள். முஸ்தபா பேக்கைப் பிடித்து அடைத்தார்கள். ஜூலை 10 விடிவதற்குள் கோட்டை கையை விட்டுப் போனது. கில்லெஸ்பி என்ற ஆங்கிலேய அதிகாரி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்துதான் மீட்டார், அதற்குப் பிறகு நடந்த கொலைகளுக்கு வேலூர் மக்கான் பகுதியில் நிற்கிற நினைவுத் தூண் சாட்சி. ஒற்றர் சொல்லும் சேதி முன்கூட்டியே வந்திருந்தது. சிப்பாய்களின் மனக்குறையோ கூப்பிடு தூரத்தில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கிடந்தது. தலைப்பாகை உத்தரவை யாராவது காது கொடுத்துக் கேட்டு விலக்கியிருந்தால் ஒற்றருக்கே வேலை இருந்திருக்காது.

பாலாற்றுக்கு வருகிறேன். 1996 ஆகஸ்ட் 28 அன்று, நம் மாவட்டத்துக்கு ‘வட ஆற்காடு அம்பேத்கர்’ என்று பெயர் இருந்த நாளில் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுவதுமோ பாழாகிவிட்டது, கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். நாலு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 18 அன்று இன்னொரு தீர்ப்பு. போனில் பேசுவது ஒருவரின் அந்தரங்கம், 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தை வைத்து இஷ்டத்துக்கு ஒட்டுக்கேட்க முடியாது, உள்துறைச் செயலர் எழுத்தில் உத்தரவு போட வேண்டும், அதை மறுஆய்வு செய்ய ஒரு குழு வேண்டும் என்றது. அதையும் எழுதியவர் குல்தீப் சிங். ஒரே ஆண்டில் அதே கை ஆலைக்காரர்களைக் கண்காணி என்றது, குடிமகனின் போனை விடு என்றது. உங்கள் கேள்வியின் இரண்டு பாதிக்கும் பதில் அதில் இருக்கிறது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றமும், மறைவாக நடக்கும் குற்றத்தைக் கண்டுபிடிக்கிறோம் என்ற காரணத்துக்காகப் போனை ஒட்டுக்கேட்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை என்று சொல்லி, 2011-ல் உள்துறை போட்ட உத்தரவை ரத்து செய்தது.

கண்காணிக்க வேண்டிய இடத்தில் கண்காணிப்பு இருந்ததா? 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றுக்குள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அடுத்த பத்தாண்டில், 2025 ஜனவரி 30 அன்று பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. அந்த வழக்கைக் கொண்டுபோனவர்களின் பெயரைக் கவனியுங்கள்: வேலூர் மாவட்டச் சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு. கண்காணிப்பு என்ற சொல்லுக்கு நான் கொடுக்கிற பொருள் அதுதான். நிருபர் செய்வதும் அந்த வேலைதான்.

அவர் அமைச்சரைத் துருவலாமா என்றால், துருவலாம். 1994-ல் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. தனி மனிதருக்கு அந்தரங்க உரிமை உண்டு. அரசு அதிகாரி தன் பதவியில் செய்யும் காரியத்துக்கு அந்தப் போர்வையைப் போர்த்திக்கொள்ள முடியாது. எழுதியது அச்சில் வருவதற்கு முன்பே தடுக்கவும் அரசுக்கு அதிகாரம் இல்லை. அமைச்சர் வீட்டுச் சமையலறையை நம் நிருபர் எட்டிப் பார்த்தால் நானே அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுவேன். அவர் கையெழுத்துப் போட்ட கோப்பு வேறு. அது ஊர்ப் பணம், ஊர்ச் சொத்து.

இப்போது நடப்பது நேர் எதிர். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ள மத்திய அரசுக்கு வழி வைத்திருக்கிறது. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தியது. தனிப்பட்ட தகவல் என்றாலும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவில் இருந்த வரி போய்விட்டது. லாட்ஜில் ஜெராக்ஸ் கொடுத்தவர் கையில் ஒன்றுமில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் பெயரைக் கேட்டால் ‘தனிப்பட்ட தகவல்’ என்று பதில் வரும். நிருபரின் அடுத்த மூன்று கட்டுரைகள் இதைப் பற்றித்தான்.

உங்கள் கடிதத்தின் கீழே பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள், போடவில்லை. உறையிலிருந்த முகவரியும் இந்த அலுவலகத்தில் யாரிடமும் போகவில்லை. என்ன காரணம் என்று உங்களை நான் கேட்கவும் மாட்டேன்.