டிட்டிகாக்கா ஏரியையும் அதன் தீவுகளையும் தோளில் பையோடு சுற்றிவர எத்தனை நாள் வேண்டும்?

கேட்டவர் தன் பெரு நாட்டுப் பயணத்தில், பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவே கிடக்கும் டிட்டிகாக்காவுக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறார். உரோஸ் மிதக்கும் தீவுகளையும் தக்கீலே தீவையும் ஒரே நாளில் காட்டிவிடும் படகுச் சுற்றுலா போதுமா, இல்லை தீவில் தங்கத்தான் வேண்டுமா என்பது அவர் சந்தேகம்.

இரண்டு நாள்தான் என்றால் போகவே வேண்டாம், அதையும் குஸ்கோ நகரத்திலேயே கழித்துவிடுங்கள். ஆறு இரவு கிடைத்தால் போங்கள். அதில் மூன்று இரவாவது தீவுகளில் படுத்து எழுந்திருங்கள். ஏன் என்பதற்கு என் கதையைச் சொன்னால்தான் புரியும்.

நான் போனது 2018 ஜூலையில். லிமாவில் விமானம் ஏறி ஹூலியாக்காவில் இறங்கி, வேன் பிடித்து மத்தியானச் சாப்பாட்டுக்கு ஏரிக்கரை ஊரான பூனோ வந்துவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. லிமா கடற்கரை ஊர். இந்த ஏரியின் தண்ணீர் மட்டமே கடலிலிருந்து 3,812 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். அதன் உச்சியில் ஏறி நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஏரி இன்னும் 1,100 மீட்டர் மேலே கிடக்கும். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அன்று ராத்திரி விடுதியின் பதினான்கு மாடிப்படியில் இரண்டு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். மண்டைக்குள் யாரோ உரலில் இடிப்பதுபோல இருந்தது, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. இந்த உயர நோய்க்கு அங்கே ‘சொரோச்சே’ என்று பெயர்.

விடுதியின் முன்மேசையில் இருந்த பெண் கோகா இலை போட்ட வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். (கொக்கேன் எடுக்கும் செடிதான், ஆனாலும் அங்கே இலை சட்டப்படி சரி. ஆனால் ஞாபகார்த்தமாக ஓர் இலையைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள்.) அய்மாரா மொழி பேசுகிறவர். என்னைத் தேற்றுவதற்காக இரண்டு வார்த்தை சொல்லிக்கொடுத்தார். ‘கமிசராக்கி?’ என்றால் எப்படி இருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறேன் என்பதற்கு ‘வலிக்கி’. நான் திருநெல்வேலிக்காரன். எங்கள் ஊரில் ‘தல வலிக்கி’ என்றுதான் சொல்வோம். சிரிக்கத்தான் நினைத்தேன், அதற்கு மூச்சில்லை.

ஆகவே விமானத்தில் நேராக வராதீர்கள். அரெக்கிப்பா 2,335 மீட்டரில் இருக்கிறது, அங்கே இரண்டு இரவு இருந்துவிட்டுப் பேருந்தில் ஏறி வாருங்கள். குஸ்கோவில் ஏற்கெனவே நாலு நாள் இருந்திருந்தால் இன்னும் நல்லது. பூனோவில் முதல் நாள் ஒன்றும் செய்யாதீர்கள், பீர் பக்கமே போகாதீர்கள், ராத்திரி சூப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்று கிளம்புமுன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடையில் தள்ளாட்டம் வந்தாலோ, தேநீர் குடித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். உடனே கீழே இறங்கியாக வேண்டும்.

விசா பற்றி ஒரே வரி: பெருவுக்குள் என் அமெரிக்க விசாவை வைத்துப் போனேன், பொலிவியா விசாவைப் பூனோவிலேயே தூதரகத்தில் வாங்கினேன். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, அப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தீவுகளில் ஏடிஎம் கிடையாது. பெரிய நோட்டுக்குச் சில்லறையும் கிடைக்காது.

பூனோ ஊரில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கரையில் யவரி என்ற பழைய கப்பல் நின்றது, அதற்கு மட்டும் அரை நாள் கொடுத்தேன். 1862-இல் இங்கிலாந்தில் கட்டி, ஜோடிக் கப்பல் ஒன்றோடு சேர்த்து 2,766 துண்டுகளாகக் கழற்றி, பசிபிக் கரையில் இறக்கி, கோவேறு கழுதை முதுகில் ஆண்டிஸ் மலையைத் தாண்டி ஏற்றியிருக்கிறார்கள். துண்டுகளை எல்லாம் சேர்த்துத் தண்ணீரில் விட்டது 1870 கிறிஸ்துமஸ் அன்று. நிலக்கரி கிடைக்காத ஊர் என்பதால் லாமா சாணத்தை எரித்து ஓட்டினார்களாம். வரட்டியில் ஓடிய நீராவிக் கப்பல்!

உரோஸ் தீவுகள் பூனோவிலிருந்து அரை மணி நேரப் படகு. எல்லோரும் புகைப்படத்தில் பார்த்ததுதான், தொத்தோரா என்ற கோரையால் ஆன தீவுகள். கோரை என்று நான் ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. தாவரக் குடும்பமே நம் பத்தமடைப் பாய்க் கோரையின் குடும்பம்தான். வேரும் மண்ணும் பின்னிக்கிடக்கும் கட்டிகளை ரம்பத்தால் அறுத்து, ஒன்றோடொன்று கயிற்றால் பிணைத்து, மேலே கோரையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அடியில் கழி இறக்கி நங்கூரம் போல நிறுத்துகிறார்கள். அடிப்பக்கம் அழுக அழுக மேலே புதுக்கோரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மிதித்தால் நனைந்த மெத்தைபோல அமுங்குகிறது. தண்டின் வெள்ளை அடியை உரித்துத் தின்னக் கொடுத்தார்கள், வெள்ளரிக்காயைத் தண்ணீரில் ஊறவைத்த மாதிரி ஒரு ருசி. ஏரியின் பொலிவியப் பக்கத்து அய்மாராக்காரர்கள் இதே மாதிரிக் கோரைப் படகு கட்டுவதில் கெட்டிக்காரர்கள். 1970-இல் நார்வேக்காரரான தோர் ஹெயர்டால் ‘ரா 2’ என்ற கோரைப் படகில் மொரோக்கோவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து பார்படோஸ் போனாரே, அதைக் கட்டிக்கொடுத்தது இந்த ஏரிக்காரர்கள்தான்.

இதெல்லாம் சரி. ஆனால் அந்த அரைநாள் சுற்றுலா எனக்கு ஒட்டவில்லை. படகு போய் நின்றதும் பெண்கள் வரிசையாக வந்து பாட்டுப் பாடினார்கள். பொம்மைத் தீவு வைத்து விளக்கம் சொன்னார்கள். பிறகு ஆளுக்கு ஒருவராகப் பிரித்துத் தங்கள் வீட்டு வாசலில் துணி விரித்துக் கடை காட்டினார்கள். ‘இலவசம்’ என்று ஏற்றிய கோரைப் படகுக்குத் திரும்பும்போது காசு கேட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. 1986 புயலில் பல தீவுகள் சிதைந்த பிறகு நிறையக் குடும்பங்கள் பூனோவுக்குக் கிட்டத்தில் வந்து கட்டிக்கொண்டதே, மற்றக் காரணங்களோடு, பிழைப்புக்கும் வசதி என்றுதான். அவர்களுடைய பழைய உரு மொழி போய் இப்போது அய்மாராதான் பேசுகிறார்கள். அரை மணியில் வந்து போகிறவனுக்கு அரை மணிக்கான நாடகம் கிடைக்கிறது, அவ்வளவுதான். அங்கேயே ஒரு ராத்திரி தங்கவும் சில குடும்பங்கள் இடம் தருகின்றன. நான் தங்கவில்லை, அது என் இரண்டாவது தப்பு.

இனி அமந்தானித் தீவு. இதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

பூனோ துறையிலிருந்து காலையில் கிளம்பும் ஊர்ப்படகு மூன்று, நான்கு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். நான் கபச்சிக்கா தீபகற்பம் வழியாகச் சுற்றிப் போனேன். நம்மூர் ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் நிறைந்தால் கிளம்பும் வேனில் யாச்சோன் கிராமம், அங்கே ஒரு ராத்திரி, மறுநாள் அங்கிருந்து சின்னப் படகு. இந்த வழியில் சுற்றுலாக் கூட்டம் குறைவு, கரையோரம் நடக்கவும் நல்ல பாதைகள் உண்டு.

அமந்தானியில் ஹோட்டல் கிடையாது. துறையில் இறங்கினால் ஊர்க்காரர்கள் முறை வைத்து ஆளை ஒரு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டு அம்மாவை ‘மமா’ என்று கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் எனக்குத் தச்சநல்லூர் மாமா முகம் வந்து நின்றது. பூமித்தாய்க்கும் அங்கே பெயர் பச்சமாமா. பாவாடைமேல் பாவாடை உடுத்து, எம்ப்ராய்டரி போட்ட கறுப்பு முக்காடு போர்த்திய அந்த மமா, என் பையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார். வெறுங்கையோடு நான் பின்னாடி இரைந்துகொண்டு போனேன்.

சைவக்காரர்கள் சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். கினோவா சூப், பொரித்த பாலாடைக்கட்டி, நாலைந்து நிறத்தில் அவித்த உருளைக்கிழங்கு, ‘ஓக்கா’ என்ற இனிப்புக் கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலே முன்யா என்ற மலைப்புதினாத் தேநீர். சூப்பில் கறுப்பாக ஒன்று மிதந்தது, கடித்தால் ரப்பர் மாதிரி. ‘சூன்யோ’ என்றார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், உருளைக்கிழங்கு வற்றல்தான் அது. ஜூன், ஜூலைப் பனியில் கிழங்கை ராத்திரி வெளியே பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காயவைக்கிறார்கள். வருடக்கணக்கில் கெடாது. சமையலறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தேநீர் நம்மூர்த் தேநீர் அளவுக்குச் சுடாது, கிழங்கும் வேகிற வழியைக் காணோம். குக்கர் இல்லாமல் அங்கே பருப்புச் சோறு என்ற நினைப்பே வேண்டாம்.

சாயங்காலம் தீவின் இரண்டு குன்றுகளுக்கும் ஏறலாம். ஒன்று பச்சதத்தா, தகப்பன். இன்னொன்று பச்சமாமா, தாய். உச்சி 4,100 மீட்டருக்கு மேல். இரண்டின் தலையிலும் கல் சுவர் எழுப்பிய கோயில். ஜனவரித் திருவிழாவில் மட்டும்தான் உள்ளே போவார்கள். அன்றைக்கு ஊர் இரண்டாகப் பிரிந்து இரண்டு குன்றிலிருந்தும் ஓட்டப்பந்தயம் நடத்துமாம், தாயின் பக்கம் ஜெயித்தால் அந்த வருடம் விளைச்சல் தப்பாது என்று மமாவின் மகன் சொன்னான். மற்ற நாளில் வெளிச்சுவரை மூன்று சுற்றுச் சுற்றி வேண்டிக்கொள்வது வழக்கம். பிரதட்சணம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே. ஆனால் மூன்றாவது சுற்றில் என்ன வேண்டினேன் என்றால், மூச்சு வேண்டும் என்றுதான்.

சூரியன் விழுந்த அடுத்த பத்தாவது நிமிடம் குளிர் எலும்பில் இறங்கிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வானம் தெளிவு, மழை இல்லை, ஆனால் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே. பகலிலோ வெயில் தோலை உரிக்கும், முதல் நாளிலேயே என் உதடு வெடித்தது. மமா நான்கு கம்பளி போர்த்திவிட்டார், பாரத்தில் புரளக்கூட முடியவில்லை. முன்ராத்திரியில் கழிப்பறைக்கு வெளியே போனவன் அரை மணி நேரம் உள்ளே வரவில்லை. எங்கள் ஊரில் தென் அடிவானத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தென்சிலுவை நட்சத்திரங்கள் அங்கே நல்ல உயரத்தில் நின்றன. பால்வீதியின் வெளிச்சத்தை விட்டுவிட்டு நடுவில் உள்ள இருட்டுத் திட்டுகளைத்தான் கெச்சுவா மொழி பேசும் இந்தத் தீவுக்காரர்கள் உருவங்களாகப் பார்க்கிறார்கள். லாமா ஒன்று இருக்கிறது, கழுத்தைத் தேடு என்று பையன் சொல்லியிருந்தான். தேடினேன், கிடைத்தது.

பணத்தை வழிகாட்டியிடம் கொடுக்காமல் வீட்டம்மா கையில் கொடுங்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிப் போகாதீர்கள். அரிசி, சர்க்கரை, பழம் என்றால் வீட்டுக்கே உதவும்.

தக்கீலேக்கு மறுநாள் அதே படகில் போகலாம். ஐந்நூறுக்கு மேல் படி. அங்கே பின்னல் ஊசி ஆண்கள் கையில். பேசும்போதும், மலைப்பாதையில் நடக்கும்போதும் பின்னிக்கொண்டே போகிறார்கள். நெசவு பெண்களுடையது. முழுச் சிவப்புத் தொப்பி என்றால் கல்யாணமானவர், மேல்பாதி வெள்ளை என்றால் ஆகாதவர். நம்மூர்த் தரகர்களுக்கு எவ்வளவு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். யுனெஸ்கோ 2005-இலேயே இந்த நெசவுக் கலைக்கு அங்கீகாரம் கொடுத்துவிட்டது.

பிறகு பூனோ திரும்பி, யுங்குயோ எல்லை தாண்டி பொலிவியாவின் கோப்பகபானா. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள், நான் மறந்து படகைக் கோட்டைவிட்டேன். அந்த ஓய்வில்தான் மாதா கோயில் வாசலில் வண்டிப் பூசை பார்க்கக் கிடைத்தது. பஸ், லாரி, கார் எல்லாவற்றுக்கும் மாலை, கலர்த்தாள், பாதிரியாரின் தீர்த்தம். கூடவே டயரைச் சுற்றிப் பீர் ஊற்றிப் பச்சமாமாவுக்கும் பங்கு. எலுமிச்சம்பழம் ஒன்றுதான் பாக்கி, மற்றபடி அசல் ஆயுதபூசை. உள்ளே 1583-இல் கொண்டுவந்து வைத்த மாதா சிலையைச் செதுக்கியவர் தித்தோ யுப்பான்கி என்ற உள்ளூர்ப் பூர்வகுடிக்காரர். ரியோ நகரத்துப் புகழ்பெற்ற கடற்கரைக்குப் பெயர் போனதும் இந்த ஊரிலிருந்துதான். லா பாஸ் போகும் வழியில் திக்கினா நீரிணை வரும், பயணிகள் ஒரு படகில், பேருந்து தனியாக ஒரு மரத்தெப்பத்தில். அங்கே கரையில் பொலிவியாவின் கடற்படைத் தளம் இருக்கிறது. 1879-இல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரை முழுவதையும் இழந்த நாடு, கடற்படை ஒன்றை மட்டும் இந்த ஏரியில் வைத்துக் காப்பாற்றுகிறது.

கடைசியாக சூரியத் தீவு, இஸ்லா தெல் சோல். முதல் இன்கா மன்னனான மான்கோ கபாக் இங்கிருந்து வந்ததாகத்தான் கதை. கோப்பகபானாவில் காலையிலும் மத்தியானமும் படகு. மோட்டார் வண்டியே இல்லாத தீவு, சுமைக்குக் கழுதைதான். ஊர்களுக்குள் நடந்த தகராறில் 2017 முதல் வடக்குப் பாதையை மூடியிருந்தார்கள், அதனால் நான் புனிதப் பாறையைப் பார்க்கவில்லை. நீங்கள் ஏறுமுன் படகுக்காரர்களிடம் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள். தெற்கே யூமானியில் தங்கினேன். கிழக்கே தண்ணீருக்கு அப்பால் 6,368 மீட்டர் இல்யாம்புச் சிகரம் பனியோடு நின்றது. இரண்டு இரவு அங்கே நான் செய்த வேலை, அதைப் பார்த்தது மட்டும்தான்.

யூமானிக்கு ஏற இன்கா காலத்துப் படிக்கட்டு, இருநூறுக்கு மேல் படி. தலை அப்போது பழகியிருந்தது, முட்டிதான் போயிருந்தது. பாதிப் படியில் பையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதுகில் கோரைக்கட்டோடு ஒரு பாட்டி என்னைத் தாண்டி ஏறிப்போகும்போது நின்று, ‘கமிசராக்கி?’ என்று கேட்டார்.

‘வலிக்கி’ என்றேன்.