பாஸ்தா கட்டியாகிறது, சாஸ் ஒட்டமாட்டேன் என்கிறது: பதில்

கொதிநீரில் எண்ணெய் விட்டும் பாஸ்தா கட்டி தட்டுகிறது, குழாய்த் தண்ணீரில் அலசினால் சாஸ் தனியாக வழிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சேமியா பழக்கத்தில் நானும் வெகுநாள் இப்படித்தான் செய்தேன்.

எண்ணெய் மேலே மிதக்குமே தவிர, ஒட்டுவதைத் தடுக்காது. முதல் இரண்டு நிமிடங்களில்தான் மேல்மாவு பசையாகி ஒன்றோடொன்று ஒட்டும். அப்போது அடிக்கடி கிளறிவிடுங்கள், போதும். 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர்களின் கணக்கு. எனக்கு 7 கிராமே சரியாக இருக்கிறது.

அப்புறம், அலசவே அலசாதீர்கள். குளிர்ந்த சாலட் என்றால் மட்டும் பரவாயில்லை. சாஸைப் பிடித்துக்கொள்வதே மேலே இருக்கும் அந்த மாவுப்பசைதான். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே, கடித்தால் நடுவில் கொஞ்சம் விறைப்பு தெரியும்போதே, வடித்துவிடுங்கள். வடிக்கும் முன் பாஸ்தா வெந்த கஞ்சித்தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைக்க மறக்காதீர்கள். சாஸ் கொதிக்கும் வாணலியிலேயே பாஸ்தாவைப் போட்டு, அந்தத் தண்ணீரை ஒரு கரண்டி ஒரு கரண்டியாக விட்டு, பெரிய தீயில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள். சாஸ் பளபளவென்று பாஸ்தாவைச் சுற்றிக்கொள்ளும்.

பாக்கெட்டையும் பாருங்கள். மைதா கலந்தது என்றால் சீக்கிரம் குழையும், டியூரம் என்ற கடினமான கோதுமை வகையின் ரவையில் செய்ததை வாங்குங்கள்.