தினமும் முகம் பார்க்கும் குழுவுக்கு எந்தப் புத்தகம் உதவும்?

கேள்வி: ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு நான்கு மாதங்களுக்கு முன் என்னைத் தலைவராக்கினார்கள். நேற்றுவரை உடன் வேலை பார்த்தவர்கள். அவர்களில் இருவர் என்னைவிட அனுபவசாலிகள். தலைமை, அதிகாரம், பிறர் மனதை வெல்வது என்று கையில் கிடைத்த புத்தகங்களை எல்லாம் படித்தேன். ஒன்று மனம் திறந்து பாராட்டு என்கிறது. இன்னொன்று உன் நோக்கத்தை மறைத்து வை என்கிறது. பெயர் சொல்லி அழைத்து, பாராட்டி, பிறகு வேலையைச் சொல்லிப் பார்த்தேன். "புதுசா ஏதாவது புத்தகம் படிச்சீங்களா?" என்று மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். எதைப் படிப்பது, எதை விடுவது, படித்ததை எப்படிப் பயன்படுத்துவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த மூத்தவர் உங்களைத் தினமும் பார்க்கிறவர். உங்கள் பேச்சு மாறினால் அவருக்குத் தெரியாமல் போகாது. நீங்கள் படித்த புத்தகங்களில் பாதிக்கு மேல், ஒருவரை ஒரே ஒரு முறை சந்தித்து ஒரே ஒரு 'சரி' வாங்க வேண்டியவருக்குப் பயன்படுபவை. உங்கள் நிலைமை அது இல்லை. அதே ஒன்பது பேர் நாளைக்கும் வருவார்கள், அடுத்த வருடமும் இருப்பார்கள். ஆகவே எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், இந்த அறிவுரை யாரிடம், எத்தனை முறை பயன்படுத்துவதற்காகச் சொல்லப்பட்டது என்று முதலில் கேளுங்கள்.

ராபர்ட் சியால்டினி 1984-ல் எழுதிய 'இன்ஃப்ளூயன்ஸ்' நூலைப் பாருங்கள். அவர் உளவியல் பேராசிரியர். விற்பனை, நன்கொடை திரட்டல், விளம்பரம் ஆகிய தொழில்களின் பயிற்சிகளில் தானே சேர்ந்து, அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்து எழுதினார். வாங்கியதற்குத் திருப்பிச் செய்தல், சொன்ன சொல்லில் நிற்றல், மற்றவர்கள் செய்வதைப் பின்பற்றுதல், பிடித்தவர் சொன்னால் கேட்டல், நிபுணருக்குக் கட்டுப்படுதல், கிடைக்காது என்றால் ஆசைப்படுதல் என ஆறு விதிகளைச் சொன்னார். 'இவர் நம்மவர்' என்ற உணர்வை ஏழாவதாக 2016-ல் சேர்த்தார். அருமையான நூல்தான். ஆனால் அதில் வரும் உதாரணங்களில் பெரும்பாலானவை வாசலில் நிற்கும் விற்பனையாளருடையவை. அவர் சாமானை விற்றுவிட்டுப் போய்விடுவார். நீங்கள் போக முடியாது. எனவே இதைத் தற்காப்புக்குப் படியுங்கள். இந்த விதிகளை நம்மிடம் ஒருவர் பிரயோகிக்கும்போது எப்படி மறுப்பது என்று அத்தியாயம்தோறும் ஒரு பகுதி இருக்கிறது. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்களுக்கு மிக உதவக்கூடியது அதுதான்.

இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வு உளவியலாளர் எலன் லாங்கரும் உடன் பணியாற்றியவர்களும் 1978-ல் வெளியிட்டது. ஜெராக்ஸ் இயந்திரத்தில் பிரதி எடுக்கப் போகிறவரிடம், "5 பக்கம்தான், நான் முதலில் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்கள். காரணம் சொல்லாமல் கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டுக்கொடுத்தார்கள். "ஏனென்றால் நான் பிரதி எடுக்க வேண்டும்" என்று ஒப்புக்கு ஒரு காரணம் சொன்னபோது 93 சதவீதம். "அவசரமாக இருக்கிறேன்" என்ற உண்மையான காரணத்துக்கு 94 சதவீதம். 'ஏனென்றால் என்ற சொல்லே மந்திரம்' என்று எழுதிப் பல புத்தகங்கள் இத்தோடு நிறுத்திவிடும். 20 பக்கம் என்று கேட்டபோது கிடைத்தது என்ன? காரணம் இல்லாமல் 24 சதவீதம், ஒப்புக்குச் சொன்ன காரணத்துக்கும் அதே 24, உண்மையான காரணத்துக்கு 42. கேட்பது சிறியதாக இருக்கும்வரைதான் தந்திரம் எடுபடும். விடுமுறை நாளில் வேலைக்கு வரச் சொல்வது 20 பக்கக் கேள்வி. அங்கே உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். அப்போதும் பாதிப்பேர் மறுக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்டே கேளுங்கள்.

இப்படி அரைகுறையாகப் பரவியவை இன்னும் இரண்டு உண்டு. 'பேச்சின் பாதிப்பில் 55 சதவீதம் முகம், 38 சதவீதம் குரல், 7 சதவீதம் மட்டுமே சொற்கள்' என்பது முதலாவது. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளில் அது, சொல் ஒன்றும் குரல் வேறொன்றும் காட்டும்போது பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கணிப்பதற்கு மட்டும் சொல்லப்பட்டது. இரண்டாவது, நெஞ்சை நிமிர்த்தி, கைகளை விரித்து நின்றால் உடலின் ஹார்மோன்களே மாறும் என்ற 2010 ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் 42 பேர். 2015-ல் 200 பேரிடம் செய்து பார்த்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தென்படவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டானா கார்னி, அந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என 2016-ல் எழுதிவிட்டார். இந்த இரண்டையும் வரம்பு சொல்லாமல் அடித்துச் சொல்லும் புத்தகத்தை மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

புத்தகங்களை மூடிவைத்துவிட்டு ஒரு மாலை செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு மற்றவர்மேல் செல்வாக்கு வரும் வழிகளைச் சமூக உளவியலாளர்கள் ஜான் ஃப்ரெஞ்சும் பெர்ட்ரம் ரேவனும் 1959-ல் ஐந்தாகப் பிரித்தார்கள்: தண்டிக்க முடிவது, பலன் கொடுக்க முடிவது, பதவி தரும் உரிமை, வேலை தெரிந்திருப்பது, மனிதர்மேல் உள்ள மதிப்பு. தகவல் கையில் இருப்பதை ரேவன் பின்னால் ஆறாவதாகச் சேர்த்தார். ஒரு தாளில் ஒன்பது பெயர்களையும் எழுதி, ஒவ்வொருவரும் இன்று நீங்கள் சொல்வதைக் கேட்பது இந்த ஆறில் எதனால் என்று குறியுங்கள். உடன் வேலை பார்த்தவர்களுக்கே தலைவரானவர்களுக்கு, பதவி என்ற கட்டம் பெரும்பாலும் பெயரளவில்தான் நிரம்பும். அந்த இரண்டு மூத்தவர்கள் விஷயத்தில் வேலை அறிவு அவர்கள் பக்கம் இருக்கிறது. அங்கே பாராட்டு எடுபடாது. அவர்கள் அறிவுக்கு உங்களிடமிருந்து சான்றிதழ் தேவையில்லை. அவர்களிடம் இல்லாதது தகவல். மேலிடம் என்ன நினைக்கிறது, எந்த வேலை ஏன் முன்னால் வந்தது, அடுத்த மாதம் என்ன வரப்போகிறது என்பதெல்லாம் பதவியால் உங்களுக்குத்தான் முதலில் தெரியவரும். சொல்லக்கூடியதை மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்னதாக அவர்களிடம் சொல்லி, "இதில் எங்கே இடிக்கும்?" என்று கேளுங்கள். சொன்ன பதிலின்படி திட்டத்தில் ஏதாவது மாறினால், யார் சொல்லி மாறியது என்பதை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். 'புத்தகம் படிச்சீங்களா' என்ற மூத்தவரின் பழைய கேள்விக்குத் தனியாக விளக்கம் தேவையில்லை. "ஆமாம், படித்தேன். இனி கேட்க வேண்டியதை நேராகவே கேட்கிறேன்" என்ற ஒரு வரி போதும்.

பாராட்டு விஷயத்துக்கு வருவோம். டேல் கார்னகியின் 1936 நூலான 'ஹவ் டு வின் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் இன்ஃப்ளூயன்ஸ் பீப்பிள்' என்பதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மனமாரப் பாராட்டு, முகஸ்துதி வேண்டாம் என்று அவரே பிரித்துச் சொல்கிறார். நீங்கள் செய்ததில் வரிசைதான் சிக்கல். பாராட்டிய கையோடு வேலை கேட்டால், மூன்றாவது தடவை பாராட்டு வரும்போதே எதிரில் இருப்பவர் 'அடுத்து என்ன தலையில் கட்டப்போகிறாரோ' என்று காத்திருப்பார். குறையைச் சொல்லுமுன் பாராட்டில் தொடங்கு என்ற அவருடைய அறிவுரையும், தினமும் சந்திப்பவர்களிடம் சீக்கிரமே தேய்ந்துவிடும். 'ஆனால்' எப்போது வரும் என்று காது பழகிவிடும். ஆகவே பாராட்டு ஒரு நாள், கோரிக்கை இன்னொரு நாள், குறை தனியாக. பாராட்டில் இரண்டு விவரம் இருக்கட்டும்: அவர் செய்தது எது, அதனால் நடந்தது என்ன. "சூப்பர் வேலை" என்பதில் இரண்டுமே இல்லை. "வெள்ளிக்கிழமை அந்தப் பட்டியலில் இருந்த தவறை அனுப்புமுன் பிடித்தீர்கள், அதனால் வாடிக்கையாளரிடம் திருத்தம் கேட்க வேண்டிய நிலை வரவில்லை" என்பதில் இருக்கிறது. சொல்ல அப்படி ஒன்றும் இல்லாத வாரத்தில் பாராட்டாமல் இருப்பதே மரியாதை.

குழுவின் நம்பிக்கையை மிக வேகமாகக் கரைப்பது, முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பது. 'ஊழியர்களைக் கலந்தாலோசி' என்று படித்ததும் பலர் இதைத்தான் செய்கிறார்கள். கூட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: இது முடிவான விஷயம், தெரிவிக்கிறேன், அல்லது, இன்னும் முடிவெடுக்கவில்லை, கேட்டுவிட்டு நான் எடுப்பேன், அல்லது, நீங்களே எடுங்கள், நான் துணை நிற்பேன். முதல் வகையாக இருப்பதில் தவறில்லை. முதல் வகைக்கு இரண்டாம் வகை வேஷம் போட்டால், அடுத்த கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நோக்கத்தை மறைக்கச் சொன்னது ராபர்ட் கிரீன் 1998-ல் எழுதிய 48 விதிகளின் புத்தகம், 'தி 48 லாஸ் ஆஃப் பவர்', என்று நினைக்கிறோம். மூன்றாவது விதி அது. அரசவைகள், சதிகள், மோசடிக்காரர்கள் என்று அவர் எடுக்கும் வரலாற்றுக் கதைகள் சுவாரசியமானவை. ஆனால் அந்த அரசவையில் ஒரே எஜமான், வெளியேற வழி கிடையாது, ஒருவர் ஏற இன்னொருவர் விழ வேண்டும். விதிகளும் ஒன்றோடொன்று மோதும்: இரண்டாவது விதி எதிரியைப் பயன்படுத்திக்கொள் என்கிறது, பதினைந்தாவது அவனை முற்றாக நசுக்கு என்கிறது. எது நடந்தாலும் பொருந்துகிற ஒரு விதி அதில் கிடைத்துவிடும். அதனால்தான் அதை வைத்து முன்கூட்டி எதையும் தீர்மானிக்க முடியாது. உங்கள்மேல் யாராவது இந்த ஆட்டத்தை ஆடினால் அடையாளம் தெரியட்டும், அதற்காக ஒருமுறை புரட்டுங்கள். ஒரு வழியைக் கையாளுமுன் சோதித்துக்கொள்ள எளிய கேள்வி ஒன்று உண்டு: நான் இதைச் செய்கிறேன் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்தால் அப்போதும் இது பலிக்குமா? உண்மையான பாராட்டு பலிக்கும், நேரடியான காரணம் பலிக்கும், போலியான அவசரம் பலிக்காது. தினமும் பார்ப்பவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

மாக்கியவெல்லியைப் பெயரை வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். பதவி பறிபோய், சிறையும் சித்திரவதையும் பட்டு வெளியே வந்த அந்த இத்தாலிய அதிகாரி 1513-ல் எழுதியது 'இளவரசன்'. அச்சானது அவர் இறந்து ஐந்து ஆண்டு கழித்து, 1532-ல். 26 சிறு அத்தியாயங்கள்தான். 17-ஆம் அத்தியாயத்தில் அன்பைவிட அச்சம் பாதுகாப்பானது என்று சொன்னதை மட்டும் உலகம் பிடித்துக்கொண்டது. அதே அத்தியாயத்தில், வெறுப்பைச் சம்பாதிக்காதே, அதற்குப் பிறர் உடைமையில் கை வைக்காதே என்று அழுத்திச் சொல்கிறார். குழுவில் உடைமை என்பது ஒருவர் செய்த வேலையின் பெயர். அடுத்தவர் தயாரித்ததை உங்கள் பெயரில் மேலே அனுப்பினால், கடிந்து பேசியதை மன்னிப்பவர்கூட இதை மன்னிக்க மாட்டார். 23-ஆம் அத்தியாயம் முகஸ்துதி செய்பவர்களிடமிருந்து தப்புவது பற்றி. நேரே கண்டித்துச் சொல்லும் ஆள் இல்லாத அரசன், கெடுக்க யாரும் இல்லாவிட்டாலும் கெடுவான் என்று திருக்குறள் 448 சொல்வதை அதோடு சேர்த்துப் படியுங்கள். உங்களைக் கூட்டத்தில் கேள்வி கேட்ட மூத்தவர் இந்த இடத்துக்குத் தகுதியானவராக இருக்கலாம்.

உங்களுக்கு மேலே இருப்பவரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கீழே உங்கள் சொல் செல்ல, மேலே உங்கள் சொல் செல்ல வேண்டும். நன்றாக வேலை செய்தால் தானாகக் கவனிப்பார்கள் என்ற நம்பிக்கையை, மேலாண்மைப் பேராசிரியர் ஜெஃப்ரி ஃபெஃபர் 'பவர்' என்ற 2010 நூலில் உடைக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து வரியில் மேலாளருக்கு எழுதுங்கள்: முடிந்தது, தடைப்பட்டது, அவரிடமிருந்து எந்த முடிவு எந்தத் தேதிக்குள் தேவை. முடிந்த வேலைகளுக்கு எதிரே செய்தவர் பெயரைப் போடுங்கள். எவ்வளவு நெருங்குவது என்பதற்குக் குறளின் 70-ஆம் அதிகாரம், மன்னரைச் சேர்ந்தொழுகல், பத்தே குறளில் போதுமானதைச் சொல்கிறது.

எதைப் படிப்பது என்று கேட்டீர்கள். வரிசை இது. முதலில் கார்னகி, இப்போது கிடைக்கும் திருத்திய பதிப்பில் 30 கொள்கைகள், உங்களுக்கு வேண்டியவை இரண்டாம், நான்காம் பாகங்கள். அடுத்து சியால்டினி, பிறகு ஃபெஃபர், பிறகு மாக்கியவெல்லி. கிரீன் கடைசியில். ஒரு நூலுக்கு நான்கு வாரம் ஒதுக்கி, அதிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை எடுத்து, ஒன்பது பேரிடமும் ஒரே மாதிரி செய்து பாருங்கள். யாரிடம் கேட்டேன், என்ன கேட்டேன், என்ன சொன்னார்கள், சொன்னபடி நடந்ததா என்று வாரத்தில் ஒரு நாள் எழுதுங்கள். 'சரி' என்று சொன்னவர்களைவிட, சொன்னபடி முடித்தவர்களை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை நான்கு வாரத்தில் அசையவில்லை என்றால் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு, அதே நூலில் இன்னொன்றை எடுங்கள்.