பூனை உள்ள வீட்டில் செல்ல எலி: கேள்வி பதில்

என் பூனை ரொம்ப சாது. எலிக் கூண்டுக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும். இரண்டையும் பழக விடலாமா அக்கா?

வேண்டாம்மா. எலி அசையாமல் இருக்கும் வரைக்கும்தான் பூனை சாது. தரையில் சட்டென்று ஓடினால் வயிறு நிறைந்த பூனையும் பாயும். பசிக்காக மட்டும் பூனை வேட்டையாடுவதில்லை. அது அதன் இயல்பு, குற்றம் சொல்ல முடியாது.

எலியின் பக்கத்தையும் பாருங்கள். பூனையின் வாசனைக்கு எலி பிறவியிலேயே பயப்படும். பூனை அருகில் படுத்திருக்க, எலி உள்ளே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தால் அது அமைதி இல்லை, பயம். கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்பாகக் கசிகிறதா? அது ரத்தம் அல்ல, போர்ஃபிரின் என்ற நிறமி. மன அழுத்தத்திலும் நோயிலும் அதிகமாகும். இரண்டும் நண்பர்களாக வேண்டிய அவசியமே இல்லை. நடுவில் சாத்திய கதவு ஒன்று இருந்தால் போதும்.

தனி அறை இல்லையே, என்ன செய்வது?

கூண்டைச் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். பூனை மேலே குதித்தாலும் கவிழக் கூடாது. கம்பிகளுக்கு நடுவே பூனையின் முன்னங்கால் நுழைந்தால் எலியின் வாலும் விரலும் போய்விடும். வெளிப்பக்கம் சிறு கண் உள்ள கம்பி வலை அடியுங்கள். குட்டி எலிகள் இருந்தால் கம்பி இடைவெளி 1.25 செ.மீ.க்கு மேல் வேண்டாம். கதவுக்குத் தாழ்ப்பாளோடு ஒரு கொக்கியும் போடுங்கள்.

பூனை லேசாகக் கவ்வி விட்டுவிட்டது. காயம் எதுவும் தெரியவில்லை. எலி சாதாரணமாகத்தான் இருக்கிறது.

இதைப் படித்ததும் கிளம்புங்கள், நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா சாதாரணமாகவே இருக்கும். பல் குத்திய துளை ஊசி முனை அளவுதான். மேல்தோல் மூடிக்கொள்ள, உள்ளே சீழ் பிடிக்கும். எலி வலியை வெளியே காட்டாத பிராணி, அதனால் அது சாதாரணமாக இருப்பதை நம்ப வேண்டாம். சிறு பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஆன்டிபயாடிக் தருவார். நமக்குக் கொடுத்த மாத்திரையை உடைத்துக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது.

தினமும் அறையில் அவிழ்த்து விட ஆசை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் பூனை எங்கே என்று கண்ணால் பாருங்கள். வெளியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கூண்டைத் திறக்காதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

அப்புறம் தரையில் படுத்து எலியின் உயரத்திலிருந்து அறையைப் பாருங்கள். மண்டை நுழையும் சந்தில் உடம்பும் நுழைந்துவிடும். கதவின் அடி, அலமாரியின் பின்புறம் எல்லாவற்றையும் அடையுங்கள். முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்வதால் எதையாவது கடித்துக்கொண்டேதான் இருக்கும். மின்சார ஒயர்களைக் குழாய்க்குள் விடுங்கள் அல்லது மேலே ஏற்றுங்கள். சாய்வு நாற்காலியின் மடிப்புக்குள் எலி போயிருப்பது தெரியாமல் நாற்காலியை மடக்கிவிடுவோம், அதை அறையிலேயே வைக்காதீர்கள்.

எலியால் வாந்தி எடுக்க முடியாது. நச்சுச் செடியோ எலி மருந்தோ உள்ளே போனால் வெளியே தள்ள அதற்கு வழியில்லை. எலி மருந்து வீட்டின் எந்த மூலையிலும் இருக்கக் கூடாது.

பூனை மலம் கழிக்கும் தட்டும் அந்த அறையில் வேண்டாம். அதிலிருந்து டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றலாம், தொற்றிய எலிக்குப் பூனை வாசனை மீதான பயம் குறைந்துவிடும்.

நீங்களும் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நடமாடினால் காலடியில் சிக்கும்.

சோபாவுக்கு அடியில் போனால் வரவே மாட்டேன் என்கிறது.

துரத்தாதீர்கள். வாலைப் பிடித்து இழுத்தால் தோல் உரிந்து கையோடு வந்துவிடும். கூண்டில் இருக்கும்போதே, தின்பண்டம் தரும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிச் சத்தம் கொடுங்கள், நாக்கைச் சொடுக்கினாலும் போதும். சீக்கிரமே சத்தம் கேட்டு ஓடிவரும். அது பழகிய பிறகு அறையில் விடுங்கள்.

தோட்டத்தில்?

வேண்டாம். தெருப் பூனை, பறவை, காட்டு எலிகள் விட்டுப்போகும் நோய், மூன்றும் அங்கே உண்டு. மண்ணைத் தோண்ட விடத்தான் ஆசை என்றால், கிருமி நீக்கிய மண்ணை ஒரு பெட்டியில் நிரப்பி அறைக்குள் வையுங்கள்.